தண்ணீர் குடிக்காத லைன்

பணியிட மகிழ்ச்சி என்று யாராவது பேச்சை எடுத்தால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: உங்கள் கம்பெனியில் பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டும்? பதில் சொல்ல இழுத்தால், மேற்கொண்டு கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. பலூன், கேக், யோகா, செல்ஃபி எடுக்க அட்டையில் வெட்டிய சட்டம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கேக் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்தக் கேக்கைத் தின்றுவிட்டு, விக்கல் எடுத்தும் தண்ணீர் குடிக்காமல் நின்றோமே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது சென்னைக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில். சங்கரன்கோவில் பக்கத்தில் டிப்ளமா முடித்துவிட்டு பஸ் ஏறி வந்தவள் நான். எங்கள் லைனில் எல்லோரும் பெண்கள், பாதிக்கு மேல் தெற்கத்திக்காரிகள். ஒயர்களை விரித்துக் கட்டும் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டே வரும். ஒருத்தி ஒயரை மாட்டுவாள், அடுத்தவள் கிளிப் போடுவாள், அதற்கடுத்தவள் டேப் சுற்றுவாள். பலகை யாருக்காகவும் நிற்காது. ஒருத்தி நகர்ந்தால் அவளுடைய வேலை விடுபட்டுப் போகும், அல்லது பக்கத்தில் நிற்பவள் இரண்டு பேர் வேலையைச் செய்ய வேண்டும்.

அதனால்தான் பாத்ரூம் கார்டு என்று ஒன்று வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி. அதில் சிவப்புக் கயிற்றில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் அட்டை. லைன் முழுவதற்கும் அது ஒன்றுதான். போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும், வந்து கொக்கியில் மாட்ட வேண்டும், பிறகு அடுத்தவள். காலையிலேயே கண்ணாலும் விரலாலும் முன்பதிவு நடக்கும். உனக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு அவள். மாதவிலக்கு வந்தவளுக்கு வரிசையில் முன்னால் இடம் விட்டுக்கொடுப்போம். அந்தச் சட்டம் நாங்களாகப் போட்டது, கம்பெனி போட்டதில்லை.

லைனில் அவரவர் நிற்கும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். எனக்குப் பக்கத்து ஸ்டேஷனில் டேப் சுற்றியவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. வடக்குப்பட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையிலும் என் பக்கத்துப் பாய் அவளுடையது. தலைமாட்டில் மாதா படம், அதன் கீழே அவளுடைய அலமாரி. அந்த அலமாரிச் சாவியைக் கையில் வாங்கிய நாளில் அவள் அடைந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அவளுக்கென்று பூட்டித் திறக்க ஒன்றும் இருந்ததில்லையாம்.

அவள் கார்டை எடுக்கவே மாட்டாள். பாத்ரூமுக்குப் போகிற வழியில் ஒயர் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் பையன்கள் நிற்பார்கள். கழுத்தில் சிவப்புக் கயிறு வந்தால், "டோக்கன் வாங்கியாச்சா?" என்று ஒருவன் கேட்பான், மற்றவன் சிரிப்பான். எனக்கென்றால் நின்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவேன். அவளால் முடியாது. ஆகவே அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் அறையில் ஒரு வாய், ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு சொம்பு. நடுவில் ஒன்றுமில்லை.

உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? சிறுநீரில் கிருமி, அடிவயிற்று வலி, குளிர் காய்ச்சல். ஒரகடம் கூட்டுரோட்டில் இருக்கும் கிளினிக்கில் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தண்ணி நிறைய குடிக்கணும்" என்றார். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி காய்ச்சல் வந்தது, மறுபடி லீவு. விஷயம் ஊருக்குப் போய், அவளுடைய அண்ணன் போனில் கத்தினான். "வேலயும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஞாயித்துக்கெழம வாரேன். பெட்டியக் கட்டு." ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் அறையில் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. அலமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

கம்பெனியில் மகிழ்ச்சி வாரம் தொடங்கியதும் அந்த வாரம்தான்.

வாசலில் பலூன் கட்டினார்கள். எல்லோருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அதன் மேல் ஒரு மஞ்சள் மூஞ்சி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. லைனில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில்! எங்களில் ஒருத்தி அதில் ஹேர்பின் போட்டு வைத்தாள், இன்னொருத்தி ஊறுகாய் கொண்டுவந்தாள். அப்புறம் லைனுக்கு ஒரு மகிழ்ச்சிப் பலகை. எங்கள் போட்டோக்களை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காந்தம் வைத்த வட்ட மூஞ்சி ஒன்று. ஒரு பக்கம் பச்சைச் சிரிப்பு, திருப்பினால் சிவப்பு அழுகை. ஷிப்ட் தொடங்கும்போது அவரவர் மனசைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பி வைக்க வேண்டுமாம்.

அதைக் கொண்டுபோய், ஒயர் கட்டுகளின் தரத்தைக் குறித்து வைக்கும் பலகைகளின் வரிசையில் மாட்டியதுதான் அவர்கள் செய்த தப்பு. அந்த வரிசைக்கென்று கம்பெனியில் ஒரு கறாரான சட்டம் உண்டு. எந்தப் பலகையில் சிவப்பு தெரிந்தாலும் அன்றைக்கே வொய்-வொய் செய்தாக வேண்டும். கோளாறு ஏன் வந்தது, அந்தக் காரணம் ஏன் வந்தது என்று ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு வேரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் எழுத வேண்டும். எழுதாமல் யாரும் சிவப்பை எடுக்கக் கூடாது. ஒயர் கட்டில் கிளிப் விடுபட்டால் இதைச் செய்வார்கள். மனுஷி மூஞ்சிக்கும் இது பொருந்தும் என்று மாட்டியவர்கள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

முதல் சில நாள் எல்லோரும் பச்சை. சூப்பர்வைசரே முன்னால் வந்து எல்லா மூஞ்சியையும் பச்சையாக்கி வைத்துவிடுவார். அவர் வடக்குப்பட்டுக்காரர், கெட்டவர் இல்லை, மீட்டிங் என்றால் மட்டும் நடுங்குவார். தூத்துக்குடிக்காரிக்கு அண்ணன் போன் வந்த மறுநாள் காலை, சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மூஞ்சியைச் சிவப்பாகத் திருப்பினேன்.

"இன்னாம்மா இது, காலங்காத்தால? வூட்ல எதுனா சண்டையா?"

"வீட்ல ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப பச்சைய போடு. பெரியவங்க ரவுண்டு வந்துனு கீறாங்க."

"வரட்டும்."

அவர் அதைப் பச்சையாக்கினார். நான் மறுபடி சிவப்பாக்கினேன். "பேஜாரு பண்ணாதம்மா" என்று கும்பிட்டார். பிறகு வேறு வழியில்லாமல் மார்க்கரை எடுத்துப் பக்கத்தில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதினார்: காரணம், வீட்டு நினைப்பு. தீர்வு, கவுன்சலிங். எனக்கா வீட்டு நினைப்பு! வீட்டை விட்டு வந்த சந்தோஷத்திலேயே நாளை ஓட்டிக்கொண்டிருந்தவள் நான். கையுறையால் அதை ஒரே இழுப்பில் அழித்தேன். பின்னால் திரும்பினால் பிளான்ட் ஹெட்டும் எச்.ஆர். மேடமும் நிற்கிறார்கள்.

"யாரு இந்த ரெட்?" என்றார் பிளான்ட் ஹெட்.

"நான்தான் சார்."

"ஏன்?"

"அடிவயிறு வலிக்கு சார்." வலி அவளுடையது. ஆனால் நான் சொன்னது பொய்யில்லை. அந்த லைனில் நின்ற எல்லோருக்கும் ஏதாவது ஒரு நாள் அந்த வலி வந்திருக்கிறது.

"ஹெல்த் ரூமுக்குப் போயிருக்கலாமேம்மா" என்றார் மேடம்.

"இப்பத்தான் மேடம் மொதல் ஏன் முடிஞ்சிருக்கு. இன்னும் நாலு ஏன் பாக்கி."

லைனில் யாரோ களுக்கென்று சிரித்தது கேட்டது. பிளான்ட் ஹெட்டுக்கு முகம் மாறியது. ஆனால் சட்டம் அவர் போட்டது, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏன் வலி? தண்ணி குடிக்கல. ஏன் குடிக்கல? குடிச்சா பாத்ரூம் போகணும். ஏன் போகல? லைனுக்கு ஒரே கார்டு. ஒவ்வொன்றையும் நானே மார்க்கரால் எழுதினேன். கடைசியாக, ‘கார்டு ஏன் ஒன்றே ஒன்று?’ என்று எழுதி மார்க்கரை அவரிடம் நீட்டினேன்.

"இதுக்கு எனக்குப் பதில் தெரியாது சார். நீங்க எழுதுங்க."

"கார்டு இல்லேன்னா எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பிடுவீங்க."

"அதையே எழுதுங்க சார். அப்படியே எழுதுங்க."

அவர் எழுதவில்லை. மார்க்கரை மேடம் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். மேடம் மூடி போட்டு மூடினார்.

மதியம் மேடம் என்னை மாடிக்குக் கூப்பிட்டார். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். மேசையில் மீதி பலூன்கள். நல்ல நாற்காலி, நல்ல குளிர். பாசிட்டிவாக இருக்க வேண்டும் என்றார், ஒரு ஆள் முகம் சுளித்தால் டீமே சோர்ந்துவிடும் என்றார். இப்போதைக்குப் பச்சையைப் போட்டுவிடு, மேலே நான் பேசுகிறேன் என்றார்.

"பேசுங்க மேடம். பேசி முடிச்சதும் போடுதேன்" என்றேன். எழுந்திருக்கும்போது எதிரில் பாத்ரூம் கதவு தெரிந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தேன். "இங்க போயிட்டு வந்துரட்டா மேடம்?"

"போங்கம்மா. இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

சொல்லிவிட்டு அவரே அப்படியே நின்றுவிட்டார். போய்விட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, லைனுக்கு இறங்கினேன்.

அன்று அறைக்கு வந்ததும் தூத்துக்குடிக்காரி என்னிடம் சண்டைக்கு வந்தாள். "ஏட்டி, என்னத்துக்கு இந்த வேல? என்னால நீயும் வேலய விட்டுப் போகப்போற."

"ஒன்னால ஒண்ணும் இல்ல. எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு."

"நான்தான் ஞாயித்துக்கெழம போகப்போறேனே."

"போறவளுக்குப் பயம் எதுக்கு? ஒன் மூஞ்சிய நீ திருப்பிட்டுப் போ." அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்போதே தோன்றியது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் என்னை வேறு லைனுக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. மாற்றட்டும், அங்கேயும் மகிழ்ச்சிப் பலகை இருக்கிறது என்று உறுதியாக இருந்தேன். காலை உடற்பயிற்சி, உறுதிமொழி எல்லாம் முடிந்து மகிழ்ச்சிப் பலகைக்கு நகர்ந்தபோது, எப்போதும் கடைசியில் நிற்கும் அவள் எங்களையெல்லாம் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். தன் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்த பச்சையை எடுத்துச் சிவப்பாக்கினாள். அவள் காது மடல்கூடச் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஊறுகாய்க்காரி. பிறகு ஹேர்பின்காரி. பிறகு வரிசையாக ஒவ்வொருத்தியும் போய்த் திருப்பினார்கள். எனக்கு முறை வந்தபோது, முந்தின நாளிலிருந்தே சிவப்பாக இருந்த என் மூஞ்சியோடு சேர்த்து, பலகையில் பச்சையே இல்லை. நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, சந்தோஷத்தில்தான் கத்தினேன்.

சூப்பர்வைசர் அண்ணன் தலையில் கை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எத்தினி வொய்-வொய்மா எழுதுவேன் நானு? என் கை ஒடிஞ்சிரும்!" கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். பிறகு எழுந்து போய், கொக்கியிலிருந்து கார்டை எடுத்துச் சட்டைப் பையில் திணித்தார். "மேல போய் நானே கேக்கறேன். என் பொண்ணும் நாளைக்கு எங்கனா லைன்ல நிக்கப்போவுது" என்று மாடிப்படி ஏறினார். சிவப்புக் கயிறு பையிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மேடமும் சேர்ந்து பேசினார் என்று சூப்பர்வைசர் அண்ணன் பிறகு சொன்னார். கார்டு திரும்பிக் கொக்கிக்கு வரவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் லைனுக்கு ஒரு ரிலீவர் வந்தாள். யார் நகர்ந்தாலும் அந்த இடத்தில் நின்று வேலையைப் பிடிப்பதுதான் அவள் வேலை. மகிழ்ச்சிக் குழுவின் புதிய முயற்சி என்று அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். எங்களைப் பாட்டிலோடு நிற்கவைத்து போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அவர்கள் கொடுத்தது இல்லை அது, நாங்கள் எடுத்துக்கொண்டது. இப்போதாவது பச்சை போடலாமே என்று மேடம் கேட்டார். தோன்றுகிற அன்றைக்குப் போடுகிறேன் என்றேன். மேடம் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ரிலீவர் வந்த முதல் நாள், தூத்துக்குடிக்காரி தன் பாட்டிலைக் கழுவி நிரப்பிக்கொண்டு வந்தாள். டேப் சுற்றிக்கொண்டே எங்களை ஒரு பார்வை பார்த்தாள். மூடியைத் திருகி, அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, பாட்டில் காலியாகும்வரை நிறுத்தாமல் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து ரிலீவரிடம் கையைக் காட்டிவிட்டு, தள்ளுவண்டிகள் நிற்கிற வழியில் நடந்தாள். வண்டிக்காரன் தலை தூக்கிப் பார்த்தான். அவள் கழுத்தில் ஒன்றும் இல்லை, அவனுக்குக் கேட்கவும் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது எனக்குப் பக்கத்தில் நின்று, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிடப்போவதாக என்னிடம் சொன்னாள்.

ஸ்டேஷனில் நின்று டேப்பைக் கையில் எடுத்தவள், என் பக்கம் சாய்ந்தாள்.

"ஏட்டி, ஒன் பாட்டில்ல தண்ணி கெடக்கா?"