சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி

செய்தியைக் கொண்டுவந்தவர் 'திருடன்'. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பீரியட் நடந்துகொண்டிருந்தது. தபால்காரர் கந்தசாமி வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் கடிதம் எதுவும் இல்லை.

"டீச்சர், பாய் நம்மள வுட்டுப் பூட்டாரு. காலைல கடைய தொறக்கும்போதே," என்றார். "நேத்துகூட என்ன திருடான்னுதான் கூப்ட்டாரு." பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காதர் பாயை உங்களில் சிலர் சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் சைக்கிளும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் வாடகைக்கு விட்டவராக அறிவீர்கள். மற்றவர்களுக்கு அவர் நம் நாடக மன்றத்தைத் தொடங்கி நடத்தியவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கடைசியாகப் போட்ட வேஷம்தான் அடுத்த தை மாதம் வரை அவருக்குப் பெயர். கந்தசாமி சென்ற ஆண்டு திருடனாக நடித்தார். அன்றிலிருந்து கடைத்தெருவில் அவரைப் பார்த்தால், "திருடா, எனக்கு எதுனா கடுதாசி வந்துதா?" என்றுதான் பாய் கேட்பார். வெளியூரிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற அனந்தபுரத்துக்காரர் ஒருவர் அதைக் கேட்டுப் பதறி, தனக்கு வரவேண்டிய பார்சலை விசாரிக்கத் தபால் ஆபீசுக்கு ஓடினார்.

நான் செஞ்சிக்கு மாற்றலாகி வந்த புதிதில் மாமியார் வேஷம் போட்டேன். ஆகவே ஓராண்டு முழுவதும் மாமியார். கல்யாணமே செய்துகொள்ளாத எனக்கு அந்தப் பெயர் முதலில் சுருக்கென்று தைத்தது. பிறகு பழகிவிட்டது. அடுத்த தை வந்து அந்தப் பெயர் போனபோது எதையோ திருப்பிக் கொடுத்ததுபோல் இருந்தது. ஏன் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

பாய் சாந்தமான மனிதர் என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். ஒத்திகைக்குத் தாமதமாக வந்தவர்களிடம் அன்று முழுக்கப் பேசமாட்டார். சோகமான வசனத்தைத் தானே பேசும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒருமுறை ராஜா வேஷத்தில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது விளக்கு மங்கியது. கிரீடத்தோடு ஸ்டூல் மேல் ஏறி, விளக்குக்குக் காற்றடித்தபடியே மிச்ச வசனத்தையும் பேசி முடித்தார். கீழே இருந்த சேனாதிபதி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

நம் நாடகங்களுக்கென்று ஒரு தனிக்குணம் உண்டு. அது ஒரு தவறில் பிறந்தது. ஒத்திகைக்கு இடமில்லாமல் முதல் வருஷம் கோட்டைக்குள் இருக்கும் களஞ்சியத்தில் பேசிப் பழகினோம். நெல் கொட்டி வைக்கக் கட்டிய மண்டபம் அது. ஒரு வார்த்தை சொன்னால் வளைந்த கூரையில் மோதித் திரும்பி வரும். எதிரொலி அடங்கிய பிறகுதான் அடுத்தவர் பேச முடியும். பேசுவது, நிற்பது, பிறகு பேசுவது என்றே எல்லோருக்கும் வசனம் மனப்பாடமாகிவிட்டது. அது எங்களுக்கே தெரியவில்லை.

சந்தைத் திடலில் எதிரொலி ஏது? முதல் நாடகத்தில் தம்பி அண்ணனைப் பார்த்து, "அந்தக் கிணற்றில் எனக்குப் பங்கில்லையா?" என்று கேட்டுவிட்டு நின்றார். அண்ணனும் வராத எதிரொலிக்காக நின்றார். கூட்டம் சிறிது நேரம் பொறுத்தது. பிறகு மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த வண்டிகளின் பக்கமிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது: "ஏன் இல்ல? உங்க நைனா வெட்டுன கெணறுதானே. வுடாத கேளு." இன்னொருவர் எழுந்து, "சும்மா கெட. பெரியவன்தானே கடன கட்டுனான்," என்றார். திடலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. நடிகர்கள் நாங்கள் அடுத்த வசனத்துக்கு வரப் பெரும்பாடு பட்டோம்.

மறுநாள் அந்த நிறுத்தங்களை எடுத்துவிட வேண்டும் என்று அத்தனை பேரும் சொன்னோம். பாய் மட்டும் ஒப்பவில்லை. "தெரியாமதான் வுட்டோம். ஆனா அந்த எடத்துல ஜனங்க வந்து உக்காந்துட்டாங்க. அவங்கள எழுப்பாதீங்க," என்றார். அன்று முதல் எந்த நாடகம் எடுத்தாலும் எங்கே நிற்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்வோம்.

இந்த ஆண்டுக்கு மூன்று நாடகங்களை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். தையில் பஸ்ஸைத் தவறவிட்டவர்களைப் பற்றிய நகைச்சுவை நாடகம். மாசியில் ஒரு ராஜா கதை. பங்குனியில் ஒரு நிலவழக்கு. நோட்டீஸ்கூட அச்சுக்குப் போயிருந்தது. அவர் போனபின் கூடிய கூட்டத்தில், இந்த வருஷம் வேண்டாம் என்றவர்களே அதிகம். பாய் வீட்டில் துக்கம் இருக்கும்போது அதன் பின்சுவரை ஒட்டிய சந்தைத் திடலில் மேளம் கொட்டுவதா என்றார்கள். ஒரு வருஷம் விட்டால் மறுவருஷம் மன்றம் இருக்காது என்று எனக்குப் பட்டது. ஆனால் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், அவருடைய மனைவி என்ன சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று ஏற்றுக்கொண்டோம்.

மைமூன் அக்கா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்தவர் சில மாதங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து, வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கும் காலம் அது. அதனால் ஆண்கள் எல்லோரும் தெருவில் நிற்க, நான் மட்டும் உள்ளே போனேன். கூடத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் கண்ணாடி துடைத்து வரிசையாக இருந்தன.

"வாங்க ஜட்ஜம்மா," என்றார்.

எனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களத்தான். வூட்டுல அப்டிதான் சொல்லினு இருந்தாரு. நான் ஜட்ஜா உக்காந்தா எனக்கே சிரிப்பு வரும், டீச்சர்தான் சரின்னு. உங்களுக்கு சொல்லலியா?"

பங்குனி நாடகத்தில் நீதிபதி வேஷம் பாய்க்கு என்றுதான் நாங்கள் எல்லோரும் இருந்தோம். இல்லை என்று தலையாட்டினேன். தயங்கித் தயங்கி, வந்த விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுந்து பின்கட்டுச் சுவரருகில் போய் நின்றார்.

"நான் எந்த வருசம் நாடகம் பாத்தேன்? இங்க உக்காந்து கேக்கறதுதான். உங்க வசனம் பாதி காதுல வுழாது. நீங்க நிக்கிறப்போ ஜனங்க பேசுது பாருங்க, அது நல்லா கேக்கும். யாரு வூட்டுல இன்னா சண்டைன்னு எல்லாம் தெரியும்," என்று லேசாகச் சிரித்தார். பிறகு, "இந்த வருசம் இதையும் நிறுத்திட்டா இந்த வூட்டுக்குள்ள நான் இன்னாத்த கேட்டுனு இருப்பேன்?" என்றார்.

வெளியே வந்து சொன்னேன். கந்தசாமிதான் முதலில் பேசினார். "அப்ப எனக்கு வேற பேரு வேணும். ஞாயித்துக்கிழமையே ஆரம்பிக்கலாம்."

அந்த ஞாயிறு களஞ்சியத்துக்குப் போனோம். பாய் வழக்கமாக நிற்கும் தூணடியில் யாரும் நிற்கவில்லை. பங்குனி நாடகத்தைத்தான் முதலில் எடுத்தோம். நீதிபதியின் முதல் வசனத்தைப் பேசினேன். "சொல்ல வேண்டியவர் யார் இருந்தாலும் சொல்லலாம்." என் குரல் கூரைக்குப் போய், என்னைவிடக் கனத்த குரலாகத் திரும்பி வந்தது. அது அடங்கும்வரை எல்லோரும் நின்றோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிற்றல்தான். இப்போதெல்லாம் வகுப்பிலும் ஒரு கேள்வி கேட்டால் பதிலை நானே சொல்லிவிடுவதில்லை, நிற்கிறேன். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது பேசுகிறார்கள்.

தை பிறந்ததும் முதல் சனிக்கிழமை பஸ் நாடகம். எல்லோரும் சந்தைத் திடலுக்கு வாருங்கள். நாங்கள் நிற்கும் இடத்தில் நீங்கள் பேசுங்கள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கொஞ்சம் உரக்கவே பேசுங்கள்.