ஸ்கேனரில் படுத்த மல்லிகை

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனை யாரும் "வாங்க" என்று கூப்பிட மாட்டார்கள். "உடனே வாங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டைக்கு என்னை அப்படி ஓட வைத்தவர், பூ வியாபாரம் செய்த செல்வி அக்கா.

மூன்று பொட்டு

அக்கா ஸ்கேனர் வாங்கியது காகிதத்துக்காக இல்லை. விடிந்ததும் அன்றைய மல்லிகை மொட்டில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடியில் பரப்பிப் படமெடுத்து, சிங்கப்பூர் வியாபாரிக்கு இமெயிலில் அனுப்புவார். அதைப் பார்த்துத்தான் அவர் சரக்குக்குச் சொல்லுவார். டிஜிட்டல் கேமரா விலையைக் கேட்டாலே தலை சுற்றிய காலம்.

ஒருநாள் எல்லாப் படத்திலும் மூன்று கறை. வைரஸ் என்று முடிவுகட்டி, காலை முழுக்க சிடி மாற்றி சிடி போட்டுத் தேடினேன். கடைசியில் எதற்கோ மூடியைத் தூக்கினால், கண்ணாடியில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். முந்தின நாள் ஆயுத பூஜை. மூடிமேல் வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"வேலை பாக்குறது கண்ணாடி. பொட்டு மட்டும் மூடிக்கா தம்பி?"

ஒல்லி மெஷின்

பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கி, அந்த ஸ்கேனர் ஒருநாள் உயிரை விட்டது. சிங்கப்பூர்க்காரர் கறாரான ஆள். நாளைக்குப் படம் வராவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவதாகப் போனில் சொல்லிவிட்டார். அக்காவுக்கு நிலையான ஆர்டர் அது ஒன்றுதான். அது போனால் வீடே ஆடிப்போகும்.

அன்று மதியமே சிலேட்டு மாதிரி ஒல்லியான புது ஸ்கேனரோடு போய் இறங்கினேன். ரேஷன் கார்டை வைத்தால் எழுத்து பளிச்சென்று வந்தது. மொட்டை வைத்தால் வெறும் வெள்ளைக் குழப்பம். கண்ணாடியில் ஒட்டிக்கிடப்பது மட்டும்தான் இந்த ஒல்லிகளின் கண்ணுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா திரையை உற்றுப் பார்த்தார்.

"பூவை வச்சோம். தயிர்ச்சோறு வந்திருக்கு."

குண்டு மெஷின்

திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஆரோக்கியம் அண்ணனிடம் ஒரு பழைய குண்டு ஸ்கேனர் இருந்தது. கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பிறகு அந்த ஸ்கேனரை ஓட்டும் டிரைவர் சிடி கிடைக்காமல் பரணில் ஏற்றிவிட்டார். அக்கா வீட்டில் அப்போதும் பழைய விண்டோஸ் 98தான், அதில் இது ஓடும். உள்ளே பெரிய விளக்கு வைத்த அந்த வகைக்குக் கொஞ்சம் உயரத்தில் இருப்பதும் தெரியும். மறுநாள் முதல் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சுவிட்சைப் போட்டதும் கடகடவென்று கத்தியது. அக்காவின் முகம் செத்துப்போனது. தூக்கிப்போகும்போது உள்ளே ஆடாமலிருக்க அடியில் ஒரு பூட்டு உண்டு. அதைத் திருப்பியதும் அடங்கியது. கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து மொட்டுகளைப் பரப்பினோம்.

படம் மேலிருந்து மெல்ல இறங்கி வந்தது. அக்காவின் முந்தைய மெஷினில் பூ பூவாகத் தெரியும், அவ்வளவுதான். இது அச்சு வேலைக்கென்று வாங்கியது. பச்சைக் காம்பு விரல்விரலாகப் பிரிந்து ஒவ்வொரு மொட்டையும் ஏந்தியிருந்தது. ஒவ்வொரு நீர்த்துளிக்குள்ளும் ஸ்கேனர் விளக்கு ஒரு கோடாக நின்றது. பூ வாசத்திலேயே வளர்ந்த நான் திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பூவை ஏற்றச் சொல்லிவிட்டார் சிங்கப்பூர்க்காரர். வெளியே பூ ஏற்ற வந்த வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா திரையை விட்டு நகரவில்லை.

"இதையா நான் இம்புட்டு வருசமா கிலோக் கணக்குல நிறுத்துக் குடுத்தேன்?"

புது மெஷின் விற்கத் தெரிந்தவன் கடை வைத்துவிட்டான், பரணிலிருந்து பழசை இறக்கி அதன் முன்னால் வாய் பிளந்து நிற்கத் தெரிந்தவன் இன்னும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறான்.