மல்லாட்டை மில்லும் ஆபத்துப் படிப்பும்

மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லில், வேலை செய்கிறவள் வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் தூசி போய்விடும். காதுக்குள் ஓடுகிற எஞ்சின் மட்டும் நிற்காது. திண்டிவனத்தில் அப்படி ஒரு மில்லில் நான் பருப்பில் சொத்தை பொறுக்குகிறேன். அந்த வேலையோடு என்னை விட்டிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது. போன சீசனில், என் பெண் கைக்குழந்தையாக இருக்கும்போது, என்னை விழுப்புரத்துக்கு அனுப்பி ஆபத்தைப் பற்றிப் படிக்கவைத்தார்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நாலு பேர் எதிரில் வாயைத் திற என்றால் எனக்குக் காது மடல் சுடும். உங்களையும் யாராவது முதுகில் கை வைத்து முன்னால் தள்ளிவிட்டிருந்தால், நான் பட்ட வெட்கம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பேர் கொடுத்தது

பாக்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து மில்லைச் சுற்றிப் பார்த்தார். விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளிகளுக்கு வகுப்பு நடக்கிறது, வேலை செய்கிற இடத்தில் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தருகிறார்கள், எழுதப் படிக்கத் தெரிந்த ஆளாக ஒருவரை அனுப்புங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். முதலில் எஞ்சின் பார்க்கிற கோவிந்தன் மேஸ்திரியைக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கறி எடுக்கிற நாள். மூட்டை தூக்குகிறவர்கள் கைநாட்டு. மிச்சம் இருந்தது நாங்கள், பெண்கள். எங்களில் பொட்டலம் கட்டிய பேப்பரைப் பிரித்து வைத்துப் படிக்கிற பழக்கம் எனக்குத்தான் உண்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிற அஞ்சலை அக்கா அதைப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

முதலாளி கூப்பிட்டு, "என்னம்மா, போறியா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அதையே அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து முறத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அஞ்சலை அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "போய்ட்டு வாமே. ஆபத்தைப் பத்திப் படிக்கணுமாம்! இத்தினி நாளா அத்தக் கூட வச்சிக்கினுதானே நாம குடும்பம் நடத்தினு வர்றோம்."

கதவோரம்

பாசஞ்சர் ரயிலில் கண்ணில் கரி விழ விழ விழுப்புரம் போய்ச் சேர்ந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. ரைஸ் மில், மரம் அறுக்கிற இடம், அச்சாபீஸ் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். கடைசி பெஞ்சில், கதவோரமாக, நான் ஒருத்தி. வாத்தியார் மெதுவாகப் பேசுகிறவர். ஊர் நடுவில் சுவர் எடுக்காத கிணறு ஒன்று, ஆள் போகாத கொல்லையில் அதே ஆழத்துக்கு இன்னொரு கிணறு, எதை முதலில் மூடுவீர்கள் என்று கேட்டார். ஆழத்தை மட்டும் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கம் எத்தனை கால் நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆனால் அன்றைக்குக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். பொழுது ஏற ஏற மார் கனத்துப் பால் கசிந்தது. ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதற்குப் பிறகு வாத்தியார் எந்தக் கிணற்றை மூடினார் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். முன் பெஞ்சில் ஒரு ரைஸ் மில் பாய்லர்காரர், மீசை நரைத்தவர், தற்செயலாகத் திரும்பினார். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கதவாண்ட காத்து ஜாஸ்தியா அடிக்குது, போத்திக்க தங்கச்சி. எம் பொண்ணும் கைக்கொழந்தைக்காரிதான்."

சிவப்பு அடித்தது

அடுத்த வகுப்பில் வாத்தியார் ஒரு வரிசை சொல்லிக்கொடுத்தார். ஆபத்தான பொருளை முதலில் அங்கிருந்து எடு. எடுக்க முடியாவிட்டால் மறைத்து வை. அதுவும் முடியாவிட்டால் ஆளை ஒதுக்கி வை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வாயால் சொல்வது. வாய்க்குக் கடைசி இடம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. இந்தப் படிப்பு என் போன்றவளுக்கென்றே வைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மில்லில் நடைவழியோரம் ஒரு பெரிய சக்கரம், அதன்மேல் பெல்ட்டு ஓடும். புடவைத் தலைப்பு அதில் சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். சக்கரத்தை எடுக்க முடியாது. அதனால் யாரிடமும் பேசாமல், அதைத் தாங்குகிற தூணில் சிவப்பு வர்ணம் வாங்கிப் பட்டையாக அடித்துவைத்தேன். சிவப்பைப் பார்த்தால் ஒதுங்கிப் போவார்கள் என்பது என் எண்ணம். மறுநாள் காலையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தத் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானத்துக்குள் யாரோ அதற்கு மஞ்சள் பூசிக் கனகாம்பரம் சாத்திவிட்டார்கள். ஒதுங்கிப் போனவர்களெல்லாம் இப்போது பெல்ட்டுக்கு ஒரு முழம் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோவிந்தன் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு மூங்கில் தட்டி ஒன்றைக் கொண்டுவந்து சக்கரத்தை மறைத்துக் கட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டிக்குக் கயிறு எடுத்துக் கொடுத்தேன். அஞ்சலை அக்காவுக்கு என்மேல்தான் கோபம்: "சேப்பா அடிச்சி வச்சா கும்புடாம இன்னா பண்ணுவாங்க? நாலு பேரு பயப்படணும்னா கருப்பு இல்ல அடிச்சிருக்கணும்!"

நல்லதாக ஒன்று

இதுதான் என்னால் இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்ல முடியாதது.

ஒரு ஞாயிறு வாத்தியார் எல்லாரையும் தங்கள் தங்கள் இடத்து ஆபத்தைச் சொல்லச் சொன்னார். ஒருவர் மாற்றி ஒருவர் குறையாகவே அடுக்கினார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "உங்க இடத்தில் நல்லா இருக்கிற விஷயம் ஒண்ணாவது யாராவது சொல்லுங்களேன்" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க இதுவரைக்கும் ஒண்ணுமே பேசலையேம்மா" என்றும் சொன்னார். எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ தெரியவில்லை. எழுந்து நின்றேன். நல்லது ஒன்று எனக்குத் தெரியும்.

"எங்க மில்லுல புள்ளைங்க நல்லா தூங்கும் சார். மேல உத்தரத்தோட ஒட்டினாப்பல ஒரு இரும்புத் தண்டு சுத்தும். அதுலேர்ந்துதான் பெல்ட்டெல்லாம் எறங்கி வரும். நாங்க புள்ளைங்களப் போடற புடவை ஏணையை அந்த உத்தரத்துலதான் கட்டுவோம். தண்டு சுத்தறதுல உத்தரம் அதிரும். யாரும் ஆட்டவே வேணாம், ஏணை தானா ஆடும். எஞ்சின் நின்னாத்தான் புள்ளைங்க முழிச்சிக்கும்."

பெருமையாகத்தான் சொன்னேன். சிரிப்பார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"எத்தனை குழந்தைங்கம்மா?"

"மூணு சார். எம் பொண்ணு நடுவுல. அதுதான் நல்லா ஆடற எடம்."

"பெல்ட்டு எப்பவாவது அறுந்திருக்கா?"

"அறுவும் சார். மேஸ்திரி கம்பி போட்டுத் தெச்சுடுவாரு."

சொல்லி முடிக்கும்போதே என் காதில் என் வார்த்தை விழுந்தது. அறுந்த பெல்ட்டு எந்தப் பக்கம் அடிக்கும் என்று அதே வாத்தியார் போன வாரம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருந்தார். அதை எழுதிக்கொண்டவள் நான். பெற்றவளும் நான். ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்கவில்லை. உட்காரவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன். வாத்தியார் என்னைத் திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. வகுப்பு முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது பாய்லர்காரர் பின்னாலேயே வந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தங்கச்சி, நாளைக்கு மில்லு ஓடுதா?"

முதலாளி எதிரில்

திங்கட்கிழமை எஞ்சின் போடுவதற்கு முன்னாலேயே போய் என் ஏணையை அவிழ்த்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பொறுக்க உட்கார்ந்தேன். அது தூங்காமல் முறத்தை இழுத்துப் பருப்பைக் கொட்டியது. மற்ற இரண்டு ஏணைகளும் மேலே ஆடிக்கொண்டிருந்தன. ஒன்று அஞ்சலை அக்காவுடையது, ஒன்று எங்களோடு பொறுக்குகிற முனியம்மாவுடையது. இரண்டு பேரிடமும் சொன்னேன். அஞ்சலை அக்கா காதில் வாங்கவில்லை. முனியம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதலாளியாண்ட சொல்லிப்புடாதமே. புள்ளைய இட்டாராதன்னு சொல்லிட்டார்னா நான் எங்க வுட்டுட்டு வருவேன்? எனக்கு யாரு இருக்காங்க?" என்றாள்.

அவள் சொன்னதும் நியாயம்தான். நான் திரும்பி வந்து முறத்தை எடுத்தேன். மேலே தைத்த பெல்ட்டு சுற்றி வரும்போதெல்லாம் தையல் இருக்கிற இடம் டப்பென்று ஒரு சத்தம் போடும். இத்தனை காலமும் அது எனக்குக் கேட்டதில்லை. அன்றைக்கு வேறு எதுவுமே கேட்கவில்லை. கடைசியில் எழுந்து, எல்லாரும் பார்க்க, முதலாளி மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். "ஏணை... பெல்ட்டு..." என்று இரண்டு வார்த்தைதான் வந்தது. அவர் மேலே பார்த்தார். புரிந்துகொண்டார். அவர் முகமும் மாறித்தான் போனது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது, "நாளையிலிருந்து மில்லுக்குள்ள குழந்தைங்களே வரக் கூடாது" என்பதுதான்.

முனியம்மா அழுதாள். அஞ்சலை அக்கா ஏணையை அவிழ்த்துப் புடவையைச் சுருட்டி என் முன்னால் போட்டாள். "வாயில்லாப் பூச்சியாட்டம் இருந்தியேடி! தொறந்தா எங்க சோத்துல மண்ணப் போடத்தான் தொறப்பியா?"

கணக்குப்பிள்ளையின் கால்

மறுநாள் மூன்று பேரும் பிள்ளைகளோடு மில் வாசலில் உட்கார்ந்தோம். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பேச்சு வார்த்தை கிடையாது. சரக்கு ஏற்ற மெட்ராஸ் லாரி வந்து நின்றிருந்தது. உள்ளே பொறுக்காத பருப்பு மலையாகக் கிடந்தது. முதலாளி வாசலுக்கு வந்து, "இதுக்கு இன்னாம்மா பண்ணச் சொல்ற?" என்று என்னைத்தான் கேட்டார். நான்தானே படித்தவள்!

தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்: "ஆளை ஒதுக்கறதுக்கு முன்னாடி பொருளை எடுத்துப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. புள்ளைங்க இருக்கட்டும் முதலாளி. ஏணையை மட்டும் எடுத்துடலாம். கணக்குப்பிள்ளை ரூமாண்ட சாக்கு போட்டு வச்சிருக்கிற எடத்துல கட்டிக்கறோம்." அவ்வளவு நீளமாக நான் என் கல்யாணத்துக்குப் பிறகு பேசியதே இல்லை. அவர் லாரியைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார், சரி என்றார்.

ஏணை கட்டினோம். பிள்ளைகள் தூங்கவில்லை. அதிர்ந்து அதிர்ந்தே பழகின பிள்ளைகள். ஆடாத ஏணையில் மூன்றும் ஒன்று சேர்ந்து வீறிட்டன. நயா பைசா வந்து இவ்வளவு காலம் ஆகியும் மனசுக்குள் அணாவில் கூட்டுகிற கணக்குப்பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு கூட்டலும் நேராகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு மூன்று ஏணையையும் ஒரே கயிற்றில் கோத்து, கயிற்று முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்ட ஆரம்பித்தார். பால் கொடுக்கப் போன என்னைப் பார்த்ததும் காலை நிறுத்தாமலே சொன்னார்: "நான் பெத்ததுங்களுக்கே ஒரு நாளு ஏணை ஆட்டினவன் இல்ல. விழுப்புரத்துல நீ படிச்ச, இங்க நான் பரீட்சை எழுதிக்கினு கெடக்கறேன்."

ஒன்றும் விழவில்லை

அதற்குப் பிறகு சீசன் முடிகிற வரைக்கும் அந்த உத்தரத்திலிருந்து ஒரு ஆணிகூட விழவில்லை. முதலாளி பழைய பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுவிட்டார்; அது எப்படி அறும்? ஏணை இருந்த இடம் காலியாகவே கிடந்தது. கோவிந்தன் மேஸ்திரி காலையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மேலே அண்ணாந்து பார்த்து, "இன்னிக்காவது வுழுமா தங்கச்சி?" என்பார். மூட்டைக்காரர்கள் சிரிப்பார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். விழ வேண்டும் என்று ஒரு நாள் எனக்கே ஒரு நினைப்பு வந்து, சீ என்று ஆகிவிட்டது.

அஞ்சலை அக்கா என்னோடு பேச ரொம்ப நாள் ஆனது. ஒரு நாள் மத்தியானம் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, என் பெண்ணும் அழுகிறது என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து முறத்தை எடுத்தாள். "எதுனா ஒண்ணு வுழுந்து தொலைஞ்சிருந்தா, இவ சொன்னா பாருன்னு ஊரே உன்னத் தலைமேல வச்சிக்கினு ஆடியிருக்கும். இப்ப பாரு, எங்களையும் பேஜாரு பண்ணி, நீயும் ஒண்ணுத்துக்கும் ஆகாதவளாப் பூட்ட!"

இந்தப் படிப்பில் தேறினவளிடம் எடுத்துக் காட்ட ஒன்றுமே இருக்காது, கை கால் முழுசாக இருக்கிற பிள்ளைகளைத் தவிர.