இல்லாத நெஞ்சுக்கு ஒரு மாத்திரை

பொன்னமராவதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். அளவு நோட்டில் தினமும் ‘மார்பு’ என்று எழுதுகிற கைதான். ஆனால் என் மனைவிக்கு அங்கே கட்டி வந்தபோது அந்தச் சொல் எங்கள் யார் வாயிலும் வரவில்லை. ‘நெஞ்சுல கட்டி’ என்றோம். டாக்டரிடமும் அப்படியே சொன்னோம்.

ஆபரேஷனில் இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ரவிக்கையின் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தேன். கோணலாகத் தெரியுமோ என்று மூன்று முறை பிரித்தேன்.

“போதும்ங்க, என்னைய யாரு அளந்து பாக்கப் போறா” என்றாள்.

அடுத்து கேன்சருக்கான சிவப்பு மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். அதற்கு முந்தின நாள் ஒரு நர்ஸ் ஃபைலோடு வந்தார்.

“இந்த மருந்து சில பேருக்கு நெஞ்சைப் பாதிக்கும்க்கா. அதைக் காப்பாத்த ஒரு மாத்திரை ஆராய்ச்சி பண்றாங்க. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. சேர்றீங்களா?”

என் மனைவி சிரித்தாள். “அதான் எடுத்தாச்சே ஆத்தா. இல்லாத நெஞ்சுக்கு எதுக்கு மாத்திரை?”

நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்கோ ஆராய்ச்சி என்றாலே நம்மை வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்றுதான் பட்டது. “வேணாம்மா, எங்கள விட்ருங்க” என்று முந்திக்கொண்டேன்.

அதன்பின் மருந்து ஏற்றப் போகும்போதெல்லாம் கேட்டார்கள். “நெஞ்சுல எதுவும் தொந்தரவு இருக்கா?”

“தையல் நல்லா ஆறிருச்சு” என்பாள். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உடம்பில் ரத்தம் இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டோம்.

மருந்தெல்லாம் முடிந்த பிறகு கால் வீங்கியது. படுக்க முடியவில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர், “ஹார்ட் ரொம்ப வீக்காயிருச்சு” என்றார். அப்போதுதான் அந்த நர்ஸ் எந்த நெஞ்சைச் சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. ஆறு மாதம் தலையணையில் சாய்ந்தே இருந்தாள். சாய்ந்தபடியே போய்விட்டாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். “அந்த மாத்திரை கேக்குமான்னே இன்னும் தெரியலைங்க. நீங்க சேர்ந்திருந்தாலும் வெறும் மாத்திரைதான் வந்துருக்கலாம்” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

வெறும் மாத்திரையே வந்திருக்கட்டும். அந்த ஆராய்ச்சிக்காகவாவது அடிக்கடி அவள் நெஞ்சில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்திருப்பார்கள்.