இறக்கத்துக்கு முன் விழிக்கும் பெட்டி

தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், சாலையோரத்து முனியப்பனுக்கு எதிரே என் அண்ணன் லாரியை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த அந்தக் கணம் இன்னும் என் காதில் இருக்கிறது. நல்லம்பள்ளியிலிருந்து காதை அடைத்துக்கொண்டு வந்த இரைச்சல் சட்டென்று நின்றது. டேஷ்போர்டில் நாங்கள் பொருத்தியிருந்த சின்னக் கருப்புப் பெட்டியின் பச்சை விளக்கும் கூடவே அணைந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். சூடம் கொளுத்தினார். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். திருநீறு பூசிக்கொண்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்ப, பழத்தை நசுக்கிக்கொண்டு லாரி நகர்ந்தது. முதல் வளைவு வந்துவிட்டது. பெட்டியில் மஞ்சள் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது இன்னும் விழிக்கவில்லை.

“ஏங்கண்ணு, இது எந்திரிக்கறதுக்குள்ள நாம சேலமே போயிருவோமாட்டம் இருக்குதே” என்றார் அண்ணன், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல். “ஒம் புள்ளையாட்டவே இதுக்கும் தூக்கம் சாஸ்தியா?”

என் பிள்ளை தூங்கவே தூங்காது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெட்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த இடத்தில்தான் அது தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் என் பெரியப்பா மகன். எங்கள் வீட்டில் நான் பொறியியல் படிக்கப் போனபோது, அவர் கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு அந்த இறக்கத்தில் போய் வந்துகொண்டிருந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் “வாங்க கம்ப்யூட்டரு” என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமாகி நல்லம்பள்ளிக்கு வந்து, பக்கத்திலேயே ஒரு சிறிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபின், எங்கள் முதலாளி ஒரு பரிசோதனை லாரி தேடியபோது நான்தான் அண்ணன் பேரைச் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து, சொன்னது சரியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வேறு யாருடைய லாரியாவது என்றால் எனக்கு இத்தனை பயம் இருந்திருக்காது.

பெட்டியின் வேலை எளிமையானது. லாரியின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஓர் உணரி, பிரேக் டிரம்மின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எந்தச் சக்கரம், எவ்வளவு சூடு என்பதைப் பெட்டி ஒரு சின்ன எண் கட்டத்தில் காட்டும்; சூடு அளவு தாண்டினால் அதிலிருக்கும் பீப்பர் கத்தும். தொடர்ந்து மிதித்து மிதித்து டிரம் பழுத்துவிட்டால், அதற்குப் பின் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் லாரி நிற்காது. அந்தச் சாலையில் அப்படி நிற்காமல் போன வண்டிகளைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டிக்கான மின்சாரத்தை லாரியின் சாவியோடு சேர்த்துத்தான் கொடுத்திருந்தோம். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால், நின்றுகிடக்கும் வண்டியில் பேட்டரி இறங்கிப்போகும் என்று லாரிக்காரர்கள் விடமாட்டார்கள். ஆகவே சாவியை அணைத்தால் பெட்டி தூங்கும், போட்டால் எழும். பழைய பெட்டி உடனே எழுந்துவிடும். அதிலிருந்த சிப் கிடைக்காமல் போய், அறுபத்துநான்கு பிட் செயலி உள்ள புதிய பலகைக்கு மாறியபோதுதான் இந்தத் தூக்கம் வந்தது.

தூக்கத்துக்குக் காரணம் கர்னல். எந்தக் கணினியிலும் மற்ற மென்பொருள்களுக்கெல்லாம் முன்னால் எழுந்து, நினைவகம் எங்கே, கடிகாரம் எங்கே, என்னென்ன கருவிகள் மாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்து அத்தனையையும் வேலைக்கு இழுப்பது அதுதான். எங்கள் பெட்டியில் ஓடிய லினக்ஸ் கர்னலை நாமே நம் செயலிக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு பட்டியல் திரையில் விரியும். ஒவ்வொரு வரியிலும், இதை உள்ளேயே சேர்க்கட்டுமா, தனியாக வைத்துத் தேவைப்படும்போது ஏற்றட்டுமா, வேண்டவே வேண்டாமா என்று கேட்கும். இத்தனைக்கும் பதில் சொல்ல முடியாதவர்களுக்காக அந்தச் செயலி வகைக்கென்று பொதுவான ஓர் அமைப்பும் கூடவே வரும். அந்த வகைச் சிப்பை வைத்து உலகத்தில் யார் யார் என்னென்ன பலகை செய்கிறார்களோ அத்தனைக்கும் அது பொருந்தும். நான் அதைத்தான் எடுத்திருந்தேன். எங்கள் சின்னப் பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும், தன்னிடம் இல்லாத ஒலிக்கருவியையும் இல்லாத கேமராவையும் யாரோ ஒருவருடைய ராட்சதக் கணினியின் வலைப்பின்னலையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சக்கரத்தின் பக்கம் திரும்பியது.

மேசைமேல் வைத்துச் சோதித்தபோது இது எங்களுக்கு உறைக்கவில்லை. சாவியைப் போட்டுவிட்டுத் தர்மபுரியிலிருந்து கிளம்பும் வண்டிக்கு, இறக்கம் வருவதற்குள் எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தோம். நடுவில் முனியப்பன் இருக்கிறார் என்பது எங்கள் கணக்கில் இல்லை. நான் சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம்தான். பேருந்தில் போகும்போதெல்லாம் அங்கே வரிசையாக லாரிகள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எஞ்சினை அணைக்கிறார்கள் என்பதும், திரும்பப் போட்ட உடனே இறக்கம் என்பதும் வண்டிக்குள் உட்கார்ந்தபின்தான் புரிந்தது.

முதலாளிக்கு எளிய வழி ஒன்று தோன்றியது. “இறக்கத்துக்கு முன் எஞ்சினை அணைக்க வேண்டாம்” என்று அச்சடித்துப் பெட்டிமேல் ஒட்டிவிடலாம் என்றார். அண்ணனிடமே கேட்டார். அண்ணன் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, “ஒட்டுங்க சார். படிச்சுப்போட்டு அணைச்சுக்கறோம்” என்றார்.

“ஒரு நிமிஷந்தானேண்ணே? எஞ்சின் ஓடிட்டே இருந்தா என்ன?” என்றார் முதலாளி.

“சாமி முன்னாடி செருப்பப் போட்டுக்கிட்டு நிப்பீங்களா? அந்த மாதிரிதான் சார். நான் ஒருத்தன் கேட்டுக்கிட்டாலும் எனக்குப் பின்னாடி நிக்கற வண்டிக்காரன் எவனும் கேக்கமாட்டான்.”

முதலாளி என்னைப் பார்த்தார். அண்ணனும் என்னைப் பார்த்தார். எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், “ஸ்டிக்கர் வேண்டாங்க சார். பழம் நசுங்கறதுக்குள்ள எந்திரிக்கிற மாதிரி நான் பண்றேன்” என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஏன் அப்படி வாக்குக் கொடுத்தோம் என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

எதையும் நீக்குவது எனக்கு வராத காரியம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போவதென்றாலும் பையில் இரண்டு சட்டை, போர்வை, காய்ச்சல் மருந்து, வெந்நீர் எல்லாம் இருக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அது மட்டுமல்ல, அதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒன்றை வேண்டாம் என்றால், அதைச் சார்ந்திருக்கும் மற்றவையும் சொல்லாமல் கொள்ளாமல் சேர்ந்து போய்விடும். முதல் நாள் துணிந்து ஒரு பிரிவையே நீக்கினேன். அதோடு சிப்பின் கடிகாரத்தை ஓட்டும் பகுதியும் போய்விட்டது. பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. அழுகை வந்தது. அதன்பிறகு வரிக்கு வரி போனேன். ஒன்றை நீக்குவேன், முந்தைய அமைப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூடவே வேறென்ன போனது என்று பார்ப்பேன், கர்னலைக் கட்டிப் பலகையில் ஏற்றுவேன், எழுகிறதா என்று பார்ப்பேன். பிறகு அடுத்தது. எங்களுடையது அல்லாத பலகைகள் போயின. பீப்பருக்கும் எண் கட்டத்துக்கும் தேவைப்படாத ஒலிப் பகுதி போனது, திரைப் பகுதி போனது. எழும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டிருந்ததையும் நிறுத்தினேன். தனியாக வைத்து ஏற்றப்பட்டுக்கொண்டிருந்த உணரியோடு பேசும் டிரைவர் நிரலை உள்ளேயே சேர்த்தேன். வேலை உறைந்துபோனால் பெட்டியைத் தானே மீண்டும் எழுப்பும் காவல் கடிகாரத்தை மட்டும், “அதையும் எடுத்தா இன்னும் வேகமா வருமே” என்று முதலாளி சொன்னபோதும், நான் தொட விடவில்லை.

குழந்தை தவழும் வயது என்பதால் பாதி வேலை வீட்டில் நடந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் உணரி சூட்டைச் சரியாகப் படிக்கிறதா என்று எனக்குப் பார்த்தாக வேண்டும். வீட்டில் உடனடியாகக் கிடைக்கும் சூடான இரும்பு தோசைக்கல்தான். குழந்தை இடுப்பில், உணரி கையில், பெட்டி அரிசி டப்பாமேல். கடையில் வாங்கிய வெப்பமானி ஒன்றைக் கல்மேல் வைத்து, அது காட்டுவதும் பெட்டி காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். என் மாமியார் அடுப்படி வாசலில் நின்று, “ஊரு ஒலகத்துல மருமவளுங்க தோச சுடறாளுங்க. நம்மூட்டுல மெசினுக்கு வேது புடிக்கறா” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொள்வார்.

அடுத்த ஓட்டத்துக்கு நானும் ஏறினேன். முனியப்பன் வந்தார். எஞ்சின் அணைந்தது, பெட்டியும் அணைந்தது. சூடம், பழம், திருநீறு. அண்ணன் ஏறிச் சாவியைத் திருப்பினார். மஞ்சள் விளக்கு சிமிட்டியது. அவர் கியரைப் போடுவதற்குள் பச்சை வந்துவிட்டது. அண்ணன் புருவத்தைத் தூக்கினார். “அட, முழிச்சிக்கிச்சு! எங்கூட்டுக்காரிகூட இத்தன சுருக்கா எந்திரிக்கமாட்டா” என்றார். பழம் நசுங்கியது.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் பெட்டி கத்தத் தொடங்கியது.

பின்பக்க இடது சக்கரம். எண் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் சின்ன கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தார், பிரேக்கை அளவாகத்தான் தொட்டிருந்தார். அவர் காலை எடுத்துப் பார்த்தார், மெல்ல மிதித்துப் பார்த்தார்.

“கால்ல ஒரு வித்தியாசமும் தெரியலயே கண்ணு. நெசமாத்தான் கத்துதா? இல்ல நீ கழட்டுனதுல வேண்டியதையும் சேத்துக் கழட்டிப்போட்டியா?”

நான் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. இருபது வருஷமாக அந்தச் சாலையில் ஓட்டுகிறவர் ஒன்றுமில்லை என்கிறார். நான் போன வாரம் கட்டிய கர்னல் இருக்கிறது என்கிறது.

“அதோ ஒதுங்கற எடம் வருது” என்றார் அண்ணன். “அத உட்டா அடுத்து அடிவாரந்தான். நிறுத்தோணுமா, போலாமா? நீ சொல்லு.”

வழக்கமாக அந்த மாதிரி நேரங்களில் என் மனம் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று போய்க்கொண்டே இருக்கும். அன்று போகவில்லை. அந்தப் பெட்டிக்குள் எனக்குத் தெரியாமல் எதுவும் இல்லை. எதை எடுத்தேன், எதோடு எது போனது, எதை ஏன் விட்டுவைத்தேன் என்பதெல்லாம் கண்முன்னால் இருந்தது. கடைசியாகக் கட்டியதையும் கிளம்பும் அன்று காலையில் தோசைக்கல்லில் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தேன். மற்ற ஐந்து சக்கரங்களுக்கு அந்தப் பெட்டி சரியாகப் படித்துக்கொண்டிருந்தது. ஆறாவதற்கு மட்டும் பொய் சொல்லக் காரணமே இல்லை.

“நிறுத்துங்கண்ணா.”

அவர் இன்னொரு முறை கேட்கவில்லை. லாரி ஒதுங்கி நின்றது. சக்கரங்கள் உருளாமல் அடியில் கல் கொடுத்துவிட்டு அவர் பின்பக்கம் போனார். நானும் இறங்கி ஓடினேன். கிட்டே போகும்போதே கருகல் வாடை. இடது டிரம்மின் ஓரத்தில் புகை மெலிசாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அண்ணன் புறங்கையைக் கொண்டுபோய்ச் சட்டென்று இழுத்துக்கொண்டார். நான் தண்ணீர்க் குடத்தைத் தேடினேன். “தண்ணி ஊத்தாத. டிரம்மு விண்டு போயிரும். தானா ஆறட்டும்” என்றார். ஒருமுறை மிதித்த பிரேக், அந்தச் சக்கரத்தில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்த்துச் சொன்னார். பிறகு மதில் கட்டைமேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கீழே அடுத்தடுத்த வளைவுகளில் வண்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

முதலாளியிடமிருந்து அழைப்பு வந்தது. ஓட்டினவரே சொல்லட்டும் என்று போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். பெட்டி வேலை செய்ததா, கண்டுபிடித்ததா என்று முதலாளி கத்திக் கேட்பது எனக்கே கேட்டது.

“பொட்டி கத்துச்சு சார்” என்றார் அண்ணன். “நான் அத நம்பல. எந்தங்கச்சி நிறுத்துன்னா, நிறுத்திட்டேன்.”

இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை. முழங்கால் வலி என்பார். அண்ணி விடவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பள்ளி வேன் ஓட்டுகிறார். அன்று தவழ்ந்துகொண்டிருந்த என் மகள் அதில்தான் போகிறாள். என் மேசையில் இன்னொரு வகைச் செயலியோடு புதிய பலகை வந்திருக்கிறது. அதற்கும் பட்டியலை முதல் வரியிலிருந்து நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கவலைகள் அப்படியேதான் இருக்கின்றன. காலையில் மகளை ஏற்றிவிட்டபின் கதவு சாத்தியிருக்கிறதா, தண்ணீர் பாட்டில் கசிகிறதா, நேற்றைய இருமல் இன்னும் இருக்கிறதா என்று வேனின் பக்கத்திலேயே நிற்பேன். உள்ளே பிள்ளைகள் கத்துவார்கள், பின்னால் பால் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். அண்ணன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“சொல்லு கண்ணு. போலாமா?”

நான் இன்னொரு முறை மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

“போலாங்கண்ணா” என்பேன். அதன்பிறகுதான் அவர் கியரைத் தொடுவார்.