மூன்றாம் மாடியில் சிரித்த சிரிப்பு

பட்டாளத்தில் சேருவதற்காக, கொழிஞ்சாம்பாறை மைதானத்தில் மூன்று வருடம் நானும் நண்பர்களும் ஒருவரையொருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேலை கிடைக்கவில்லை. உடம்பு மட்டும் மிஞ்சியது.

பிறகு பிழைக்கப் போன துபாயில் எங்கள் அறை ஏழாம் மாடி. அன்று லிப்ட் ஓடவில்லை; படியேறினோம். கூடத் தங்கியிருந்த கோவிந்தாபுரத்து சின்னசாமி அண்ணன், தண்ணீர் கேனோடு மூன்றாம் மாடியில் நின்றுவிட்டார்.

"தம்பி, இதக் கொஞ்சம் புடிங்க. நெஞ்ச அடைக்குது."

"தின்னுபோட்டுத் தூங்குனா அப்படித்தானுங்ணா."

சிரித்துவிட்டு ஏறினேன். கேன் உருளும் சத்தம் கேட்டது. ஓடி இறங்கி, விழுந்து கிடந்தவரைத் தோளில் போட்டுக்கொண்டேன். என் முதுகெல்லாம் வாந்தி எடுத்தார். குமட்டலோடு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் கண் திறந்தார்.

"சட்டைய நாசம் பண்ணிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க தம்பி."

பிழைத்துக்கொண்டார். சட்டை நாற்றம் ஒரே துவைப்பில் போய்விட்டது. அன்று சிரித்த என்னை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.