உம்மாவின் பால்மகன் நான்

அருளாளனாகிய இறைவனின் பெயரால்.

என் உம்மா பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மீமிசலில்தான். கடல் காற்று படாத ஊரில் அவர்களுக்குத் தூக்கம் பிடிக்காது. உம்மாவின் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிற நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இருந்தும் எங்கள் குடும்பத்துப் பட்டதாரிகள் யாரிடமும் பேனாவைக் கொடுக்கவில்லை. உம்மாவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர் இருந்தால் வரட்டும், பார்ப்போம்.

நாடு விடுதலை பெற்ற மறு வருஷம் நான் பிறந்தேன். பெற்றவர் பிரசவத்திலேயே மவுத்தானார். மலேயாவுக்குக் கப்பலேறிய தகப்பனார் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு உம்மாவின் கையில் அப்போது அவர்கள் மகள், நான் லாத்தா என்று அழைக்கும் அக்கா, பால்குடிக் குழந்தை. யாரும் கேட்காமலே உம்மா வந்து என்னையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அதுதான் என் வீடு.

வலைக்குப் போய் வந்த அத்தா, உம்மாவின் கணவர், காய்ச்சலில் சீக்கிரமே காலமானார். பிறகு எங்கள் பானையில் வெந்தது, இலுப்பூரில் கடை வைத்திருந்த அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா அனுப்பிய நெல்தான். அதை நான் மறைக்கவில்லை.

லாத்தா பெரியவளானதும் பெரியத்தா வந்து, முற்றத்தில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒரே தாயிடம் பால் குடித்த பிள்ளைகள் எங்கள் மார்க்கத்தில் உடன்பிறப்புகள். ஆனால் உம்மா எனக்கு ஆட்டுப்பால் புகட்டி வளர்த்ததாகவே அவருக்கு நினைப்பு.

"வயசுப் பொண்ணு இருக்க வீட்டுல அந்நியப் பய எதுக்கு? எத்தீம்கானால, அநாதப் புள்ளைகளோட கொண்டு போயி விட்டுரு. மனசு வரலைன்னா ரெண்டு பேருக்கும் நிக்காஹ் பேசி வச்சுரு. ஊரு வாயி மூடிரும்."

உம்மா சிரித்துவிட்டார்கள்.

"நல்லா இருக்கு மச்சான் ஒங்க நியாயம்! ஒரு மாருல இவ, மறு மாருல அவன். அக்காளுக்கும் தம்பிக்கும் நிக்காஹ் ஓத எந்த ஊரு லெப்பையக் கூட்டியாரப் போறீங்க?"

"பால் குடுத்தியா? எனக்குத் தெரியாதே! சாட்சி யாரு?"

"பால் குடுக்கயில ஒங்களுக்கு ஆளா அனுப்ப முடியும்?"

கதவுக்குப் பின்னாலிருந்து அடுத்த வீட்டு மாமி, "நாங்க பாத்தோம்ல!" என்றார்.

பெரியத்தா எழுந்துவிட்டார். "அப்ப நீயே பாத்துக்க. இனிமே நெல்லு வராது."

"வராட்டிப் போகுது. என் புள்ள எங்கிட்டும் போக மாட்டான்."

நெல் நின்றது. உம்மா கருவாடு காய வைத்தார்கள். நான் சந்தை சந்தையாக விற்றேன். முதலில் தலைச்சுமை, பிறகு சைக்கிள், பிறகு லாரி. விராலிமலைச் சாலையில் 'உம்மாவின் துஆ' என்று முகப்பில் எழுதிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். என்னுடையதுதான். லாத்தாவின் நிக்காஹில் மாப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வந்ததும் நான்தான். பெரியத்தாவும் வந்திருந்தார். வயிறாரச் சாப்பிட்டார்.

போன வருஷம் உம்மாவை அடக்கும்போது கபுரடியில் ஆலிம், "மஹ்ரமானவங்க மட்டும் எறங்குங்க" என்றார். நிக்காஹ் கூடாத நெருங்கிய உறவுக்காரரே பெண்ணின் மையித்தைக் குழிக்குள் வாங்கிக் கிடத்துவது எங்கள் முறை. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"இவரு வளத்த புள்ளதானே?" என்று கூட்டத்தில் ஒருவர் முனங்கினார்.

நான் திரும்புவதற்குள் பெரியத்தாவின் மகன் சொன்னார்: "பால் குடிச்ச புள்ள. வெலகுங்க. நீங்க எறங்குங்க காக்கா."

காக்கா என்று அண்ணன் முறை சொல்லி அவர் கை கொடுத்தார். அவருக்கு முதல் நன்றி. அன்று சாட்சி சொன்ன மாமிக்கும், உம்மாவைக் குளிப்பாட்டிய பெண்களுக்கும், சந்தூக்குக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும், இந்த வருஷ பாத்திஹாவுக்கு வந்த அனைவருக்கும் நன்றி. முனங்கியவருக்கும் இந்த மலரில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். படிக்கட்டும்.

யாரும் கேட்காமல் என்னைத் தூக்கிக்கொண்டு போனவர்களை, யாரையும் கேட்காமல் நானே இரண்டு கையாலும் வாங்கிப் படுக்க வைத்தேன்.